மிட்டாயில் பாஷாணம்: பிராட்ஃபோர்ட் 1858, உணவு ஆய்வாளர் வந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சில நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஓட்டல் சோதனை, இறைச்சி பறிமுதல், பழத்தில் ரசாயனம் என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அடியில் வரும் கருத்துகளைப் பார்த்தால் இரண்டே வகைதான். "இந்த அதிகாரிகள் இத்தனை நாள் எங்கே போனார்கள்?" என்று ஒரு பக்கம். "பாவம், சின்ன வியாபாரி வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைக்குள் நுழைந்து மாதிரி எடுக்கும் அந்த அதிகாரி எங்கிருந்து வந்தார்? அவருக்கு அந்த அதிகாரத்தை யார், எதற்காகக் கொடுத்தார்கள்? அந்த வரலாறு தெரிந்தால் நம்முடைய கோபத்துக்கும் பரிவுக்கும் ஒரு அளவு கிடைக்கும். அதற்கு 1858-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். விக்டோரியா மகாராணி காலம். யார்க்ஷயர் பகுதியில் பிராட்ஃபோர்ட் என்ற ஊர்.

ஊர் எப்படிப்பட்டது?

பிராட்ஃபோர்ட் கம்பளி நூல் ஆலைகளின் ஊர். நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 13 ஆயிரம் பேர் வாழ்ந்த இடம். 1851 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பது வருடத்தில் ஒரு ஊர் இப்படி வீங்கினால் என்ன ஆகும்? வீடு போதாது, தண்ணீர் போதாது, சாக்கடை போதாது. முன்பு பால் கொடுப்பவரையும் ரொட்டி சுடுபவரையும் எல்லோருக்கும் முகம் தெரியும். இப்போது சாப்பிடும் பொருள் யார் கையிலிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஆலைத் தொழிலாளி குடும்பத்துக்குச் சனிக்கிழமைதான் கையில் காசு புரளும் நாள். சந்தைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மிட்டாய் வாங்குவார்கள். நம் ஊர் வாரச்சந்தையில் பொரிகடலை, சவ்வு மிட்டாய் வாங்குவது போலத்தான்.

அந்தச் சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் மிட்டாய்க்கடை போட்டிருந்தார். "ஹம்பக் பில்லி" என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். ஹம்பக் என்பது அங்கே ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயின் பெயர். அதே சொல்லுக்கு ஏமாற்று என்றும் பொருள் உண்டு என்பது தற்செயல்தான்.

சர்க்கரைக் கணக்கு

ஹார்டேக்கர் மிட்டாய் செய்பவர் அல்ல. ஜோசப் நீல் என்பவர் செய்து கொடுப்பதை வாங்கி விற்பவர். மிட்டாய்க்கு வேண்டியவை சர்க்கரை, பிசின், பெப்பர்மின்ட் எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரைக்கு அன்று இங்கிலாந்தில் வரி உண்டு. 1874-இல்தான் அந்த வரி முழுவதுமாக நீங்கியது. ஒரு பவுண்டு எடை சர்க்கரை ஆறரை பென்னி விற்றது.

அதனால் மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரையில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் தூள் ஒன்றைச் சேர்ப்பார்கள். தொழிலில் அதற்கு "டாஃப்ட்" என்று பெயர். ஜிப்சமோ சுண்ணாம்புக்கல் பொடியோதான். பவுண்டு அரை பென்னி. வயிற்றுக்கு நல்லதில்லை, ஆளைக் கொல்லாது. இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. மருந்துக்கடையில் நேராகப் போய்க் கேட்டு வாங்குவார்கள். அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை.

வகுப்பில் போடுவது போல ஒரு கணக்குப் போடுவோம். 12 பவுண்டு சர்க்கரைக்கு 78 பென்னி. 12 பவுண்டு டாஃப்டுக்கு 6 பென்னி. மிச்சம் 72 பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங் என்பதால், 6 ஷில்லிங் லாபம். இந்த 6 ஷில்லிங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீப்பாய்க்குப் பதில் இன்னொன்று

1858 அக்டோபர் மாதம். நீல் வீட்டில் குடியிருந்த ஜேம்ஸ் ஆர்ச்சர் என்பவரை டாஃப்ட் வாங்கி வர அனுப்பினார்கள். சுமார் மூன்று மைல் தூரத்தில் ஷிப்லி என்ற ஊரில் சார்லஸ் ஹாட்ஜ்சன் என்பவரின் மருந்துக்கடை. ஆர்ச்சர் போன நேரம் ஹாட்ஜ்சன் உடம்பு முடியாமல் படுத்திருந்தார். கடையில் இருந்தவர் உதவியாளர் வில்லியம் கோடார்ட். டாஃப்ட் எங்கே இருக்கிறது என்று முதலாளியிடம் கேட்டார். மேல்மாடியில் மூலையில் உள்ள பீப்பாயில் என்று பதில் வந்தது. கோடார்ட் போய் 12 பவுண்டு நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் நிறுத்தது டாஃப்ட் இல்லை. ஆர்சனிக். நம் நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது. அதுவும் வெள்ளைத் தூள், இதுவும் வெள்ளைத் தூள். நம் கணக்கில் ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

நீலிடம் ஜேம்ஸ் ஆப்பிள்டன் என்று அனுபவமுள்ள மிட்டாய்த் தொழிலாளி ஒருவர் இருந்தார். அந்தத் தூளைச் சேர்த்து 40 பவுண்டுக்குக் குறையாமல் மிட்டாய் செய்தவர் அவர்தான். செய்யும்போதே மிட்டாய் வழக்கம்போல் இல்லை என்பதைக் கவனித்தார். அவருக்கே வாந்தி வந்தது, கைகளில் வலி, சில நாள் படுத்துவிட்டார். ஆனாலும் தூள் மீது சந்தேகம் போகவில்லை.

அடுத்தது ஹார்டேக்கர். மிட்டாயைப் பார்த்தவுடன் வித்தியாசம் அவருக்கும் தெரிந்தது. என்ன செய்தார்? விலையைக் குறைக்கச் சொன்னார். பவுண்டு எட்டு பென்னிக்கு வாங்குவதை ஏழரை பென்னிக்கு வாங்கினார். 40 பவுண்டுக்கு அவருக்கு மிச்சமானது 20 பென்னி. அதாவது ஒரு ஷில்லிங் எட்டு பென்னி. வாங்கியதில் ஒன்றை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. அப்படியும் அன்று சந்தையில் வியாபாரம் நடந்தது.

இவர்களில் ஒருவரும் கொலைகாரர் இல்லை. செய்த ஆப்பிள்டன் நோயில் விழுந்தார், விற்ற ஹார்டேக்கரும் நோயில் விழுந்தார். பொருளில் ஏதோ சரியில்லை என்று குறைந்தது இரண்டு பேர் கண்ணில் பட்டது. "இது என்ன?" என்று யாரும் கேட்கவில்லை. "எவ்வளவு குறைப்பாய்?" என்ற கேள்வி மட்டும் கேட்கப்பட்டது. அரை பென்னி குறைந்ததும் சந்தேகமும் தீர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை

அக்டோபர் 30 சனிக்கிழமை. சுமார் ஐந்து பவுண்டு மிட்டாய் விற்றது. முதலில் இறந்தவர்கள் இரண்டு குழந்தைகள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்பதால் காலரா என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் காலராவுக்கு எல்லோரும் பயந்த பயம் அப்படி. ஆனால் தெருத்தெருவாக ஆட்கள் விழ ஆரம்பித்ததும், விழுந்த எல்லோரும் பெப்பர்மின்ட் மிட்டாய் தின்றிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. தடம் ஹார்டேக்கர் கடைக்குப் போனது, அங்கிருந்து நீலுக்கு, நீலிடமிருந்து ஹாட்ஜ்சன் மருந்துக்கடைக்கு. ஊர் முழுக்க எச்சரிக்கை செய்து மிச்ச மிட்டாயைப் பிடித்தார்கள். ஃபீலிக்ஸ் ரிம்மிங்டன் என்ற வேதியியலாளர் சோதித்து, ஒவ்வொரு மிட்டாயிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மேல் ஆர்சனிக் இருக்கிறது என்று சொன்னார்.

இறந்தவர்கள் சுமார் 20 பேர், 21 என்றும் சொல்வார்கள். நோயில் விழுந்தவர்கள் 200-க்கும் மேல். விற்காமல் மிச்சமிருந்ததை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. 40 பவுண்டில் ஐந்துதான் வெளியே போயிருந்தது.

நவம்பரில் "பஞ்ச்" பத்திரிகை ஒரு கேலிச்சித்திரம் போட்டது. ஜான் லீச் வரைந்தது. ஒரு எலும்புக்கூடு மிட்டாய் செய்துகொண்டிருக்கும்.

தீர்ப்பு என்ன?

கோடார்ட், ஹாட்ஜ்சன், நீல் மூன்று பேர் மீதும் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தது. கோடார்ட், நீல் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஹாட்ஜ்சன் யார்க் நீதிமன்றத்தில் டிசம்பரில் விடுதலை ஆனார். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

நியாயமா என்று கேட்டால், நீதிபதி மேல் குற்றம் சொல்லவும் முடியாது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். மிட்டாயில் ஜிப்சம் கலப்பது குற்றம் இல்லை. அதை மருந்துக்கடையில் விற்பதும் குற்றம் இல்லை. பாஷாணத்துக்கு மட்டும் 1851-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும், சில்லறையாக விற்பதில் கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அது தெரிந்து பாஷாணம் வாங்குபவனுக்கான சட்டம். தெரியாமல் கை மாறிய பாஷாணத்துக்கு அதில் இடம் இல்லை. மருந்துக்கடையில் யார் நிற்கலாம், என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கும் கறாரான விதி இல்லை.

ஆக, தவறு ஒரு பீப்பாயில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. கலப்படத்தை வழக்கமாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. அன்று வந்தது சரியான டாஃப்டாக இருந்திருந்தால் யாரும் சாகமாட்டார்கள். பிராட்ஃபோர்டின் குழந்தைகள் ஜிப்சம் தின்றுகொண்டே இருந்திருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது.

முன்பே சொன்னவர்கள்

யாரும் எச்சரிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 1820-லேயே ஃபிரடெரிக் ஆக்கம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் லண்டனில் இருந்துகொண்டு உணவுக் கலப்படம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கலப்படம் செய்து பிடிபட்டவர்கள் பெயர்களையும் அச்சிட்டார். அவருக்குப் பகை கூடியது. ஒரு நூலகத்தில் புத்தகத் தாள்களைக் கிழித்தார் என்று குற்றச்சாட்டு வந்து நாட்டை விட்டே போனார். விஷயம் முப்பது வருடம் தூங்கியது.

பிறகு வந்தவர் ஆர்தர் ஹில் ஹாசல். மருத்துவர். கையில் நுண்ணோக்கி. அந்தக் காலத்தில் காப்பித்தூளில் சிக்கரி கலப்பதை ரசாயனச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாது என்று அரசுத் தரப்பிலேயே நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஹாசல் தூளை நுண்ணோக்கியில் வைத்தார். காப்பிக் கொட்டையின் செல் அமைப்பு ஒன்று, சிக்கரி வேரின் அமைப்பு வேறொன்று. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எவ்வளவு எளிய யோசனை!

"லான்செட்" மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வாக்லி அவரைப் பிடித்துக்கொண்டார். 1851 முதல் 1854 வரை லண்டன் கடைகளில் பொருள் வாங்கி, சோதித்து, முடிவுகளை இதழில் போட்டார்கள். கடைக்காரர் பெயர், முகவரியோடு போட்டார்கள். நல்ல பொருள் விற்றவர் பெயரும் வரும், கெட்ட பொருள் விற்றவர் பெயரும் வரும். ரொட்டியில் வெண்மைக்காகப் படிகாரம். பாலில் தண்ணீர். மிளகாய்த்தூளில் ஈயச் செந்தூரம். குழந்தைகள் தின்னும் வண்ண மிட்டாயில் மஞ்சளுக்கு ஈயம் சேர்ந்த நிறமி, பச்சைக்குச் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த நிறமி. பிராட்ஃபோர்டுக்கு முன்பே மிட்டாயில் ஆர்சனிக் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொருவர் பர்மிங்ஹாமில் இருந்த ஜான் போஸ்ட்கேட் என்ற அறுவை மருத்துவர். சின்ன வயதில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்த்தவர். கலப்படத்தைக் கண்ணால் கண்டவர். பின்னாளில் டாக்டர் ஆனதும் அதை மறக்கவில்லை. சொந்தக் காசைச் செலவழித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். இவர்களுடைய முயற்சியால்தான் 1855-இல் நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு அறிக்கையும் கொடுத்தது. சட்டம் மட்டும் நகரவில்லை. பிராட்ஃபோர்டில் அத்தனை பேர் செத்த பிறகு 1860-இல் சட்டம் வந்தது.

முதல் சட்டம் ஏன் படுத்தது?

1860 சட்டம்தான் பிரிட்டனில் பொதுவாக எல்லா உணவுக்கும் வந்த முதல் கலப்படத் தடைச் சட்டம். ஆனால் பெயரளவுக்குத்தான். காரணங்களைப் பாருங்கள்:

1. உள்ளூர் நிர்வாகம் பகுப்பாய்வாளரை "நியமிக்கலாம்" என்றது சட்டம். "நியமிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. செலவு யார் தலையில்? வரி கட்டுபவர் தலையில். நகர சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் கடைக்காரர்களும் வரி கட்டுபவர்களும்தான் அதிகம். விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் நியமனம் நடந்தது.

2. சந்தேகப்பட்ட வாடிக்கையாளரே பொருளை எடுத்துப் போய், கட்டணமும் கட்டிச் சோதிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளி அரை நாள் கூலியை விட்டுவிட்டு, காசும் கட்டி, ஒரு பிடி டீத்தூளைச் சோதிக்கப் போவாரா?

3. கடைக்காரர் "தெரிந்தே" விற்றார் என்று நிரூபிக்க வேண்டும். "எனக்கு வந்ததை விற்றேன்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிராட்ஃபோர்டில் ஹார்டேக்கர், நீல், கோடார்ட் எல்லோருமே உண்மையாகவே தெரியாதவர்கள்தானே!

சட்டம் இருந்தது, ஆள் இல்லை. என் அனுபவத்தில் பள்ளிக்கூடத்துக்கும் இது பொருந்தும். விதிமுறை எழுதிச் சுவரில் ஒட்டுவது சுலபம். தினமும் சுற்றி வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்?

அந்த ஆள் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அவர் பதவியின் பெயர் கொஞ்சம் வேடிக்கையானது. தமிழில் சொன்னால் "தொல்லைகளின் ஆய்வாளர்". தொல்லை என்றால் குப்பை, சாக்கடை, நாற்றம், பன்றிக் கொட்டில், நிரம்பி வழியும் கழிப்பறை. லிவர்பூலில் 1840-களில் தாமஸ் ஃப்ரெஷ் என்பவர் இந்தப் பதவியில் இருந்தார். அதே ஊரில் 1847-இல் வில்லியம் ஹென்றி டங்கன் நாட்டின் முதல் நகர சுகாதார மருத்துவ அதிகாரி ஆனார். மருத்துவர் நோயைப் படித்து அறிக்கை எழுதுவார். ஆய்வாளர் தெருவில் நடந்து, கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்ப்பார். நம் ஊரில் பழைய ஆட்கள் "சானிட்டரி இன்ஸ்பெக்டர்" என்று சொல்வார்களே, அவருடைய பாட்டனார் இவர்தான்.

1855, 1863 சட்டங்கள் இவருக்குச் சந்தையில் கெட்டுப்போன இறைச்சி, மீன், பழம் இவற்றைப் பார்த்துப் பறிமுதல் செய்ய வழி கொடுத்தன. நோயில் விழுந்த மாட்டை இரவோடு இரவாக அறுத்து, ஏழைகள் வாங்கும் சனிக்கிழமை இரவுச் சந்தைக்கு அனுப்புவது அன்று சாதாரணம். இவர் கண்ணும் மூக்கும்தான் கருவி. நாறும் இறைச்சியை மூக்கு கண்டுபிடிக்கும். ஆனால் பாலில் கலந்த தண்ணீரை? ரொட்டியில் உள்ள படிகாரத்தை? அதற்கு நுண்ணோக்கியும் ரசாயனமும் தெரிந்தவர் வேண்டும். தெருவில் நடப்பவரையும் ஆய்வகத்தில் உட்காருபவரையும் இணைக்க வேண்டியிருந்தது.

1872 சட்டம் அதைத் தொடங்கியது, 1875 சட்டம் முடித்தது. 1875-இன் உணவு, மருந்து விற்பனைச் சட்டத்தில் இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, "தெரிந்தே" என்ற சிக்கலிலிருந்து வெளியே வந்தார்கள். வாங்குபவர் என்ன பொருள் கேட்டாரோ, அதன் தன்மையும் உட்பொருளும் தரமும் கொண்டதைத்தான் கொடுக்க வேண்டும். பால் கேட்டால் பால். கொடுத்தது பால் இல்லை என்றால் 20 பவுண்டு வரை அபராதம். எழுத்து வடிவ உத்தரவாதத்தோடு வாங்கி, வாங்கியபடியே விற்றேன் என்று நிரூபிப்பவருக்கு மட்டும் தப்பிக்க வழி வைத்தார்கள். அதனால் சின்னக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் உத்தரவாதம் கேட்க ஆரம்பித்தார். பிராட்ஃபோர்டில் யாரும் கேட்காமல் விட்ட "இது என்ன?" என்ற கேள்வியைச் சட்டம் இப்படிக் கேட்க வைத்தது.

இரண்டு, மாதிரி எடுக்கும் முறை. ஆய்வாளர் காசு கொடுத்து வாங்குவார். வாங்கியதும் சோதனைக்குத்தான் என்று சொல்லிவிடுவார். பொருளை மூன்று பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். ஒன்று கடைக்காரருக்கு. ஒன்று பகுப்பாய்வாளருக்கு. ஒன்று ஆய்வாளரிடமே இருக்கும், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு தரப்பும் முரண்பட்டால் அரசு ஆய்வகத்துக்குப் போகும். இதில் உள்ள நியாயத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டுபவர் கையில் மட்டும் ஆதாரம் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்படும் கடைக்காரர் கையிலும் அதே ஆதாரம் இருக்க வேண்டும்.

அதற்கும் வக்கீல்கள் ஓட்டை கண்டுபிடித்தார்கள். "வாங்குபவருக்குப் பாதகமாக விற்பது குற்றம் என்றுதானே சட்டம் சொல்கிறது? ஆய்வாளர் குடிப்பதற்கா பால் வாங்கினார்? சோதிக்க வாங்கினார். காசும் அவர் காசு இல்லை. அவருக்கு என்ன பாதகம்?" என்று வாதம். சிரிப்பு வரலாம், ஆனால் சில நீதிமன்றங்களில் இந்த வாதம் எடுபட்டது. 1879-இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, சோதனைக்கு வாங்கினார் என்பது தப்பிக்கும் காரணம் ஆகாது என்று எழுத வேண்டியதாயிற்று.

பால் கொண்டுவந்த காய்ச்சல்

கலப்படம் காசுக்காக நடப்பது. உணவால் வரும் நோய் அப்படி இல்லை, யாருமே நினைக்காமல் வரும். லண்டனில் இஸ்லிங்டன் என்ற வட்டாரம். எட்வர்ட் பாலார்ட் அங்கே சுகாதார மருத்துவ அதிகாரி. 1870 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே டைபாய்டு பரவியது. அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். சாக்கடை ஒன்றாக இல்லை, தண்ணீர்க் குழாயும் காரணமாகப் படவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே பால்காரர். பால்பண்ணைக்குப் போய்ப் பார்த்தால், தரைக்கடியில் பழைய மரத் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் வடிகாலுக்கும் நடுவே எலி வளைகள். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலும் சரி, அந்தத் தண்ணீர் பாலிலேயே சேர்ந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

டைபாய்டு கிருமியை ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தது 1880-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே, கிருமி இன்னதென்று தெரியாமலே, நடந்து நடந்து விசாரித்து வழியைக் கண்டுபிடித்தார் பாலார்ட். கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும்தான். 1879-இலும் 1885-இலும் மாட்டுத் தொழுவம், பால்பண்ணை, பால்கடை இவற்றைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் ஆணைகள் வந்தன.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 1900-இல், விக்டோரியா காலத்தின் கடைசி மாதங்களில், மான்செஸ்டர், சால்ஃபோர்ட் பகுதியில் பீர் குடித்தவர்களுக்குக் கைகால் உணர்வு போனது, தோல் கறுத்தது. குடிகாரர்களுக்கு வரும் நரம்பு நோய் என்று முதலில் ஒதுக்கினார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர்தான், சாராயம் குடிப்பவர்களுக்கு இது வரவில்லை, பீர் குடிப்பவர்களுக்கே வருகிறது என்று கவனித்து, பீரைச் சோதித்தார். மறுபடியும் ஆர்சனிக்! பீருக்குச் சேர்த்த சர்க்கரை, அதைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலம், அந்த அமிலம் செய்த கனிமக்கல் என்று விஷம் பின்னால் நீண்டது. 6,000 பேருக்கு மேல் பாதிப்பு, சுமார் 70 பேர் இறந்தார்கள்.

42 ஆண்டுகள் கழித்து, சட்டமும் ஆய்வாளரும் ஆய்வகமும் எல்லாம் இருந்தும் ஏன் இப்படி? பகுப்பாய்வாளர் பீரில் எதைத் தேடினாரோ அதைத்தான் கண்டார். ஆர்சனிக்கைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. நோயாளிகள் ஏழைகள், குடிப்பவர்கள். அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

நமக்கு வந்த வழி

இந்த வரலாறு நமக்கு அந்நியமானது இல்லை. சென்னை மாகாணத்தில் 1918-இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் நாடு முழுவதற்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதில் மாதிரியை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும் என்று இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். 2006-இன் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தில் அது நான்கு பங்காயிற்று. ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி வியாபாரியே கேட்கலாம்.

அடுத்த முறை ஒரு சோதனை வீடியோ வரும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். மாதிரியைப் பிரித்து முத்திரை வைத்தார்களா? கடைக்காரருக்குச் சேர வேண்டிய தாளும் உரிமையும் கொடுத்தார்களா? அந்தச் சோதனையின் முடிவு கடைசியில் என்ன ஆனது? கேமரா முன்னால் கொட்டி அழிப்பது செய்தி ஆகும். அது பாதுகாப்பு ஆகாது. மாதிரி ஆய்வகத்துக்குப் போய், முடிவு வந்து, தவறு எந்தக் கண்ணியில் என்று பின்னோக்கித் தேடினால்தான் பாதுகாப்பு. சந்தையில் நின்ற ஹார்டேக்கரோடு விசாரணை நின்றிருந்தால், ஷிப்லியில் மேல்மாடிப் பீப்பாய் அப்படியே இருந்திருக்கும்.

"சின்ன வியாபாரி பாவம்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்டேக்கரும் சின்ன வியாபாரிதான். அவருக்கும் பாதுகாப்பு தேவைப்பட்டது. மொத்த வியாபாரியிடம் உத்தரவாதம் கேட்க ஒரு சட்டம் அன்று அவர் பின்னால் நின்றிருந்தால், அவரும் நோயில் விழுந்திருக்க மாட்டார், ஊரும் பிழைத்திருக்கும். நல்ல ஆய்வு நேர்மையான வியாபாரிக்கு எதிரி இல்லை. டாஃப்ட் சேர்ப்பவன் எட்டு பென்னிக்கு விற்கும் சந்தையில், சுத்தமான சர்க்கரை மிட்டாய் விற்பவன் எப்படிப் பிழைப்பான்?

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. கடையில் ஒரு பொருள் வழக்கத்தைவிட மலிவாக இருந்தால், அல்லது நிறமும் வாசனையும் கொஞ்சம் மாறியிருந்தால், இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்பதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். பிராட்ஃபோர்டில் மிச்சம் பிடித்தது 6 ஷில்லிங். இறந்தவர்களில் பலர், வாரக் கூலி வந்த சந்தோஷத்தில் மிட்டாய் தின்ற பிள்ளைகள்.

 உங்கள் ஊரில் பழைய சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள் பால் சோதித்தது, சந்தையில் மீன் பறிமுதல் செய்தது போன்ற நினைவுகள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் உங்கள் வேலை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.